விளையாட்டுச் சாமான்தானே என்று தள்ளிவிடாதீர்!

இரவுச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். காய்கறிக் கடைக்கும் துணிக் கடைக்கும் நடுவே ஒரு விளையாட்டுச் சாமான் கடை இருக்கும். கடைக்காரர் கையில் ஒரு சின்னப் பெட்டி. அதில் இரண்டு குச்சிகள். அவர் விரலை அசைத்தால் போதும், உள்ளங்கை அளவு ஹெலிகாப்டர் ஒன்று விர்ரென்று எழும்பி ஆட்களின் தலைக்கு மேலே நிற்கும். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். அப்பா கையைப் பிடித்து இழுப்பார். "வாடா போகலாம்! இதெல்லாம் பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு. நாலு நாள்ல உடைஞ்சு போகும், காசு கரியாப் போயிடும்."

அப்பா சொல்வதில் தப்பில்லை. மழை பெய்தால் வேலை குறையும், வேலை குறைந்தால் சம்பளம் குறையும் என்று கணக்குப் பார்த்து வாழும் குடும்பத்தில் விளையாட்டுச் சாமானுக்குக் காசு எங்கே இருக்கும்? அதை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் இந்தச் சின்ன ஹெலிகாப்டருக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. அந்தக் கதை சுற்றிச் சுற்றி நம் தோட்டத்து வாசலுக்கே வந்து நிற்கிறது. ஆகவே, தோட்டத்துத் தோழர்களே, தாய்மார்களே, இந்த வாரம் கொஞ்சம் பொறுமையாக இதைப் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் படித்துக் காட்டுங்கள்.

ஓர் அப்பா வாங்கி வந்த பொம்மை

1878-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் ஒரு பாதிரியார் வெளியூர் போய்த் திரும்பும்போது தம் இரண்டு பையன்களுக்கு ஒரு பொம்மை வாங்கி வந்தார். மூங்கில், காகிதம், தக்கை ஆகியவற்றால் செய்தது. உள்ளே ஒரு ரப்பர்ப் பட்டை. அதை முறுக்கிவிட்டால் மேலே இருக்கும் விசிறி சுழன்று பொம்மை கூரை வரை எழும்பும். பிரெஞ்சுக்காரரான அல்போன்ஸ் பேனோ கண்டுபிடித்த பொம்மை ஹெலிகாப்டர் அது. பையன்கள் அதற்கு 'வௌவால்' என்று பெயர் வைத்தார்கள். அது உடைந்ததும் தாங்களே அதைப் போல இன்னும் சிலவற்றைச் செய்து பார்த்தார்கள்.

அந்தப் பையன்கள் யார் தெரியுமா? வில்பர் ரைட், ஓர்வில் ரைட். 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி உலகத்தின் முதல் விமானத்தைப் பறக்க வைத்த அதே சகோதரர்கள்தான். விமானத்தின் மேல் ஆசை வந்தது அப்பா கொண்டு வந்த அந்தப் பொம்மையால்தான் என்று பின்னாளில் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பொம்மைக்கு உயிர் கொடுத்தது ரப்பர் என்பதைக் கவனியுங்கள். அதற்கு முந்திய ஆண்டில், 1877-ல்தான், இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து இறங்கின. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. நம் பாட்டன் பூட்டன்களின் வாழ்வு அந்தக் கன்றுகளோடு பின்னிக் கிடந்தது நமக்குத் தெரிந்த கதைதான்.

கொட்டகைக்குள் ஒரு தவம்

விமானம் வந்த பிறகும் ஹெலிகாப்டர் எளிதில் வசப்படவில்லை. மேலே எழும்பும், ஆடும், கவிழ்ந்துவிடும். ஆட்கள் ஏறிய பெரிய இயந்திரத்தைச் செய்து, விழுந்து, மறுபடி செய்து பலர் சலித்துப் போனார்கள்.

ஆர்தர் யங் என்ற அமெரிக்கர் வேறு வழியில் போனார். 1928 முதல் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் சின்னச் சின்ன மாடல்களையே செய்து கொண்டிருந்தார். மாடல் உடைந்தால் யாருக்கும் காயமில்லை, செலவும் குறைவு. ஏன் கவிழ்ந்தது என்று உட்கார்ந்து யோசிக்கலாம். பிறகு பென்சில்வேனியாவில் ஒரு பழைய கொட்டகையைச் சரிப்படுத்திக்கொண்டு அதற்குள்ளேயே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். கடைசியில் சுழலும் இறக்கைக்குக் குறுக்கே ஒரு நிலைநிறுத்தும் தண்டை வைத்தார். ஆட்டம் அடங்கியது, மாடல் அந்தரத்தில் அசையாமல் நின்றது!

1941-ல் அந்தச் சின்ன மாடலைக் கொண்டுபோய் பெல் விமானக் கம்பெனிக்காரர்களிடம் பறக்கவிட்டுக் காட்டினார். அவர்கள் உடனே அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அதிலிருந்து பிறந்த 'பெல் 47' ஹெலிகாப்டருக்கு 1946 மார்ச் 8-ஆம் தேதி, பொதுமக்கள் பயன்பாட்டுக்கான முதல் அனுமதிச் சான்றிதழ் கிடைத்தது. 'இந்த வயசுல பொம்மை வச்சு விளையாடறான்' என்று யாராவது யங்கைப் பார்த்துச் சிரித்திருக்கக்கூடும். சிரித்தவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. யங் பெயர் நிலைத்துவிட்டது.

வானொலி அலையில் பறந்த ஹெலிகாப்டர்

தரையில் நின்று வானொலி அலையால் இயக்கும் சின்ன விமானங்கள் முன்பே வந்துவிட்டன. ஹெலிகாப்டர் மட்டும் பிடி கொடுக்கவில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த டீட்டர் ஷ்லூட்டர் என்ற பொறியாளர் 1960-களின் பிற்பகுதியில் இதைக் கையில் எடுத்தார். பல முறை உடைந்தது. பல முறை மறுபடி செய்தார். 1970-ஆம் ஆண்டில் அவருடைய மாடல் ஒழுங்காகப் பறந்தது. அதே ஆண்டில் 11 கிலோமீட்டருக்கு மேல் பறந்து உலக சாதனையும் செய்தது. 1972-ல் அவருடைய ஹெலிகாப்டர் பாகம் பாகமாகப் பெட்டியில் விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்கள் வீட்டில் உட்கார்ந்து பூட்டிப் பறக்கவிட்டார்கள். பொழுதுபோக்காக ஹெலிகாப்டர் பறக்கவிடும் பழக்கம் உலகம் முழுவதும் பரவியது அப்படித்தான்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்து மாடல் எஞ்சினுக்கு மெத்தனால் என்ற எரிபொருளோடு கலந்து ஊற்றியது என்ன தெரியுமா? விளக்கெண்ணெய்! பள்ளி விடுமுறையில் பாட்டி மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவாரே, அதே விளக்கெண்ணெய்தான். எஞ்சின் சூட்டிலும் வழவழப்பைக் காக்கும் குணம் அதற்கு உண்டு. இப்போது சின்ன ஹெலிகாப்டர்களில் பெரும்பாலானவை பேட்டரியில் ஓடுகின்றன.

சின்ன ஹெலிகாப்டர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு இன்னொன்று சொல்வோம். 2021 ஏப்ரல் 19-ஆம் தேதி செவ்வாய்க் கிரகத்தில் ஒரு ஹெலிகாப்டர் பறந்தது. எடை வெறும் 1.8 கிலோ. அங்கே வானொலி அலை போய்ச் சேரவே பல நிமிடங்கள் ஆகும் என்பதால், என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே அனுப்பி வைப்பார்கள். அது தானே பறக்கும். ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பியது, 2024 ஜனவரி வரை 72 முறை பறந்தது. அதன் தலைமைப் பொறியாளர் பாலராம், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். ரைட் சகோதரர்களின் விமானத்திலிருந்து எடுத்த ஒரு துண்டுத் துணியையும் அதில் ஒட்டி அனுப்பினார்கள்.

எப்படிப் பறக்கிறது?

விமானம் முன்னே ஓடினால்தான் மேலே எழும்பும். ஹெலிகாப்டருக்கு ஓட வேண்டியதில்லை, இறக்கையே சுற்றுகிறது. அந்தச் சுற்றில் காற்று கீழே தள்ளப்படுகிறது, உடல் மேலே எழும்புகிறது.

ஆனால் ஒரு சிக்கல். இறக்கை ஒரு பக்கம் சுற்றினால் உடல் மறுபக்கம் சுற்றப் பார்க்கும். சுழல் நாற்காலியில் உட்கார்ந்து கையை ஒரு பக்கம் வேகமாக வீசிப் பாருங்கள். நாற்காலி எதிர்ப் பக்கம் திரும்பும். இதைத் தடுக்கத்தான் வாலில் இன்னொரு சின்ன விசிறி. இரவுச் சந்தையில் விற்கும் சிலவற்றில் மேலே இரண்டு இறக்கைகள் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றும். அவை எளிதில் ஆடாது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்றவை.

கையில் இருக்கும் பெட்டியில் இரண்டு குச்சிகள். பொதுவான முறையில், இடக் குச்சியை மேலே தள்ளினால் எழும்பும், கீழே இழுத்தால் இறங்கும். பக்கவாட்டில் தள்ளினால் மூக்கு திரும்பும். வலக் குச்சி ஹெலிகாப்டரை முன்னே, பின்னே, இடம், வலம் சாய்க்கும். கேட்க எளிதுதான். ஆனால் ஒன்றை அசைத்தால் மற்ற மூன்றும் கெடும். எழுப்பினால் வால் திரும்பும். வாலைப் பிடித்தால் உயரம் மாறும். நான்கையும் ஒரே நேரத்தில், மயிரிழை அளவில், விரல்கள் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் காலத்து ஹெலிகாப்டரில் உள்ளே இருக்கும் மின்னணுக் கருவி வாலைப் பிடித்துக் கொள்கிறது. ஷ்லூட்டர் காலத்தில் எல்லாம் விரல்தான்.

'இது நம்மால் ஆகுமா?' என்று கேட்கிறீர்களா? பால்மரம் சீவியவர்களைக் கேளுங்கள். உளி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். கொஞ்சம் மேலோடு போனால் பால் வராது. விடியாத இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த மயிரிழைக் கணக்குத் தப்பாமல் சீவிய கைகள் நம்முடையவை. கைப்பழக்கம் என்பது என்ன என்று நம் சனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழக ஒரு முறை உண்டு

எடுத்தவுடன் உயரே பறக்கவிட்டவன் அன்றைக்கே உடைத்துக்கொண்டு வருவான். முறை இதுதான்:

முதலில், ஹெலிகாப்டரின் வால் நம்மைப் பார்த்து இருக்கும்படி வைத்துக்கொண்டு, இடுப்பளவு உயரத்தில் ஒரே இடத்தில் நிறுத்தப் பழக வேண்டும். இது வருவதற்கே பல நாட்கள் ஆகும். அவசரப்படக் கூடாது. அடியில் குறுக்காக இரண்டு குச்சிகளைக் கட்டி, முனைகளில் பந்து வைத்தால் தரையில் இறங்கும்போது கவிழாது.

அடுத்து, பக்கவாட்டில் நிறுத்திப் பழகுவது. கடைசியில், மூக்கு நம்மைப் பார்த்து இருக்கும்படி நிறுத்துவது. அப்போது இடமும் வலமும் மாறிவிடும். கண்ணாடியைப் பார்த்து முகச்சவரம் செய்வது போலத் தலை சுற்றும். இந்த மூன்றும் வந்த பிறகுதான் சுற்றிப் பறக்கவிடலாம்.

கணினியில் பழகும் முறையும் இருக்கிறது. திரையில் தெரியும் ஹெலிகாப்டர் எத்தனை முறை விழுந்தாலும் காசு போகாது. நல்ல ஹெலிகாப்டர், பெட்டி, பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்ந்தால் ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடும். ஆகவே கடன் வாங்கி இதில் இறங்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுவோம். ஐந்தாறு இளைஞர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி, முறை வைத்துப் பழகலாம். உடைந்ததைத் தாங்களே பிரித்துப் பூட்ட வேண்டும். பாதிக் கல்வி பறக்கவிடுவதில். மீதிப் பாதி திருகாணியில்.

உயிருக்கு உலை வைக்காதீர்

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சந்தையில் விற்கும் உள்ளங்கை ஹெலிகாப்டர் விளையாட்டுச் சாமான். ஆனால் பெரிய வகை மாடல் அப்படியல்ல. இறக்கை வட்டம் ஒன்றரை மீட்டருக்கு மேல் இருக்கும். நிமிடத்துக்கு 2,000 சுற்று அளவில் சுற்றும். அது கத்தி. 2013-ல் நியூயார்க் நகரப் பூங்கா ஒன்றில், பழகித் தேர்ந்த ஓர் இளைஞர் தம்முடைய சொந்த ஹெலிகாப்டரின் இறக்கை பட்டே உயிரிழந்தார். ஆகவே பெரிய மாடலை ஆளுக்கு வெகு தொலைவில்தான் பறக்கவிட வேண்டும். சிறு பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. திடலில் ஆள் பந்து விளையாடும்போதும், ஆயாக் கொட்டகைப் பக்கமும், மின்கம்பி அருகிலும் வேண்டவே வேண்டாம்.

பேட்டரியும் ஆபத்துதான். இந்த லித்தியம் பேட்டரிக்கு அதற்கென்று உள்ள சார்ஜரைத்தான் போட வேண்டும். இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். மெத்தை மேலோ பலகைத் தரையிலோ வைக்காதீர்கள். சிமெண்டுத் தரையில் வையுங்கள். வீங்கிப் போன பேட்டரியை மறுபடி தொடாதீர்கள். பலகை வீடு ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்த வீடுகளும் சேர்ந்துதானே எரியும்?

சட்டமும் உண்டு. மலேசியாவில் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் இவற்றுக்கும் பொருந்தும். 400 அடிக்கு மேல் போகக் கூடாது. விமான நிலைய எல்லைக்குள் கூடாது. 20 கிலோவுக்கு மேற்பட்டதை அனுமதி இல்லாமல் பறக்கவிடவே கூடாது. விதிகள் அவ்வப்போது மாறும். வாங்கும் முன் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். தோட்டத்தில் என்றால் நிர்வாகத்திடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

வயலுக்கு வந்த விளையாட்டுச் சாமான்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

ஜப்பானில் நெல் வயலுக்கு மருந்தடிக்க ஆள் கிடைக்கவில்லை. இளைஞர்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். வயலில் நின்றவர்கள் வயதானவர்கள். ஆள் ஏறிய பெரிய ஹெலிகாப்டரில் அடித்தால் பக்கத்து வீடுகள் மேலெல்லாம் மருந்து விழுந்தது. அப்போதுதான் அவர்களுக்கு இந்தச் சின்ன ஹெலிகாப்டர் நினைவுக்கு வந்தது. யமஹா கம்பெனி 1987-ல் 'ஆர்-50' என்ற ஹெலிகாப்டரைக் கொண்டுவந்தது. ஷ்லூட்டர் பறக்கவிட்ட மாடலின் பெரிய தம்பி என்று சொல்லலாம். 20 கிலோ சுமை தூக்கும். வரப்பில் நின்று ஒருவர் பெட்டியை இயக்க, பயிருக்குச் சில மீட்டர் உயரத்தில் பறந்து மருந்து தெளித்தது. 1997-ல் 'ஆர்மேக்ஸ்' வந்தது. பொழுதுபோக்காய் இருந்த வித்தை அங்கே உரிமம் பெற்ற தொழிலாகிவிட்டது.

இப்போது பல விசிறிகள் கொண்ட ட்ரோன் அதே வேலையைச் செய்கிறது. நம் நாட்டு நெல் வயல்களில் அது பறக்கிறது; செம்பனைத் தோட்டங்களுக்கும் வந்துவிட்டது. ஹெலிகாப்டரைவிட ட்ரோனை இயக்குவது எளிது. கருவியே அதை நிலையாகப் பிடித்துக்கொள்கிறது. ஹெலிகாப்டர் பழகிய கைக்கு ட்ரோன் ஒரு பொருட்டே அல்ல.

நம் பெண்கள் சுமந்த தோம்பு

மருந்தடிப்பு என்றால் என்ன என்று நம் குடும்பங்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். முதுகில் தோம்பைக் கட்டிக்கொண்டு, மேடு பள்ளம் ஏறி இறங்கி, ஒரு கையால் அடித்துக்கொண்டே நடந்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள்தாம். தோம்பு ஒழுகினால் முதுகு நனையும். எதிர்க்காற்று அடித்தால் முகத்தில் விழும். அதிலும் பாராகுவாட் என்ற புல்கொல்லி பொல்லாதது. நகம் கெட்டுப் போகும், தோல் புண்ணாகும், மூக்கில் இரத்தம் வரும். வாய்க்குள் போனால் உயிரே போகும், மாற்று மருந்து கிடையாது. 2002-ல் தெனாகானித்தா அமைப்பு தோட்டத்துப் பெண்களிடம் ஆய்வு நடத்தி இந்தத் துன்பத்தை வெளியே கொண்டுவந்தது. அதே ஆண்டில் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தார்கள். 2006-ல் தடையைத் தளர்த்தினார்கள். முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான். இடையில் எத்தனை முதுகுகள் நனைந்தன என்று யார் கணக்கு வைத்தார்கள்?

ஆகவே தோம்பை மனித முதுகிலிருந்து இறக்கும் எந்தக் கருவியையும் நாம் வரவேற்போம். ஆனால் கையைத் தட்டுவதோடு நின்றுவிடலாமா? பலர் செய்த வேலையைக் கருவி வந்தால் சிலர் செய்வார்கள். அந்தச் சிலர் யார்? பட்டணத்திலிருந்து வண்டியில் வந்து இறங்கும் குத்தகைக்காரரின் ஆட்களா? இல்லை, அந்தத் தோட்டத்து மூலைமுடுக்கெல்லாம் தெரிந்த நம் வீட்டுப் பிள்ளைகளா? ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பதும், பெட்டியைக் கையில் பிடிப்பதும் ஒன்றல்ல. சம்பளமும் ஒன்றாக இருக்காது.

என்ன செய்யலாம்?

பிள்ளைக்கு இதில் ஆசை இருந்தால் அடக்காதீர்கள். ஆண் பிள்ளை என்றாலும் பெண் பிள்ளை என்றாலும் ஒன்றுதான். சின்னதில் தொடங்கட்டும். உடைத்தால் திட்டாமல், ஏன் உடைந்தது என்று கேளுங்கள்.

கணக்கு, அறிவியல் பாடங்களை விட்டுவிட வேண்டாம். வெறும் விரல் பழக்கத்தால் தொழில் வராது. மருந்தடிக்கும் ட்ரோனைத் தொழிலாக இயக்க ஆணையத்தின் அனுமதி வேண்டும். இயக்குபவருக்குச் சான்றிதழ் வேண்டும். ஆணையம் அங்கீகரித்த பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. இடைநிலைப்பள்ளி முடித்த பிள்ளைகள் விசாரித்துப் பார்க்கட்டும்.

தோட்டத்துத் தலைவர்களும் சங்கமும் ஒன்றைக் கேட்க வேண்டும். கருவி தோட்டத்துக்கு வந்தால் பயிற்சி முதலில் தோட்டத்து ஆட்களுக்கே கிடைக்க வேண்டும். அதிலும், இத்தனை காலம் தோம்பு சுமந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை வேண்டும். அதோடு, மேலிருந்து தெளிக்கும் மருந்து காற்றில் பரவி நம் வீட்டுக்கும் கிணற்றுக்கும் வராதபடி எல்லை வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கருவி புதிது என்பதற்காக விஷம் விஷமல்லாமல் போய்விடாது.

இரவுச் சந்தைக்கு அடுத்த முறை போகும்போது அந்தக் கடை முன்னால் பிள்ளை நின்றால், உடனே கையைப் பிடித்து இழுக்காதீர்கள். காசு இருந்தால் வாங்கிக் கொடுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஐந்து நிமிடம் பக்கத்தில் நின்று, 'இது எப்படிடா மேலே போகுது, சொல்லு பார்ப்போம்' என்று கேளுங்கள். அதற்குக் காசு வேண்டாமே!